வட்டக் கையெழுத்து

உட்காருங்கள் தம்பி, இடம் இருக்கிறது. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். கேட்டில் ஏற்கெனவே ஒரு போலீஸ்காரப் பெண் இதைத் துழாவிப் பார்த்துவிட்டாள், மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவன் எல்லாம் தீக்குளிக்க வருகிறான் என்று அவர்களுக்கு நினைப்பு. "நான் கொளுத்திக்க வந்தவன் இல்லம்மா, கொளுத்த வந்தவன்" என்றேன். அதற்காக இன்னொரு முறை துழாவினாள்.

உங்கள் டோக்கன் என்ன? எழுபத்தொன்றா. எனக்கு அறுபத்து நான்கு. இப்போது ஐம்பத்தொன்று ஓடுகிறது. மைக்கில் கேட்கிறதா? "டோக்கன் ஐம்பத்தொன்று, கருப்பாயி, பொருள், முதியோர் உதவித்தொகை நின்றது." இப்படித்தான். நம்பர், பெயர், அப்புறம் நம் மனுவில் 'பொருள்' என்று ஒரு வரி எழுதுகிறோமே, அதைக் கம்ப்யூட்டரைப் பார்த்து அப்படியே வாசிப்பார்கள். அதனால் அந்த வரியை நறுக்கென்று எழுத வேண்டும். உங்களுடையதைக் காட்டுங்கள். 'பட்டா சம்பந்தமாக.' என்ன சம்பந்தம்? யாருடைய பட்டா, யார் மாற்றித் தர மறுக்கிறான், எத்தனை மாதமாக? ஒரு பெயர் இல்லை, ஒரு தேதி இல்லை. இது மனுவா? என்னுடையது வரும்போது கேளுங்கள். மண்டபம் முழுக்கக் கேட்கும்.

என் பெயர் சீனிராஜ். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், உங்கள் வயதுக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. பஞ்சாலையில் இருபத்தாறு வருடம். அதில் ஏழு வருடம் சஸ்பெண்டாகி கேட்டுக்கு வெளியே நின்றவன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்ற படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். தொழிற்சாலைச் சட்டமும் தொழில் தகராறு சட்டமும் பிரசுரத்தில்தான் படித்தேன். குழந்தைகளுக்கான கல்வி உரிமைச் சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன். இன்றைக்கும் பிரிவு எண்ணோடு சொல்வேன். பிரிவு பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாறு, பதினேழு. எந்த வக்கீலோடும் நிற்பேன்.

வக்கீல் வராததால்தான் இந்தக் கதையே தொடங்கியது. எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் நவம்பர் இருபது, குழந்தைகள் உரிமை தினம். தலைமையாசிரியை ஜெபக்கனி ஒரு வக்கீலை அழைத்திருந்தார். அவர் கோர்ட்டில் வேலை என்று வரவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார்கள். பிள்ளைகளை உட்கார வைத்தாகிவிட்டது, பேச ஆள் இல்லை, நீங்கள் வாருங்கள் என்று. எனக்கு வயது எழுபத்தொன்று. இருபது வருடமாக என்னை எவனும் ஒரு மேடைக்குக் கூப்பிடவில்லை. போனேன். சட்டையைக்கூட மாற்றவில்லை. ஜெபக்கனி என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஏதோ மீட்டிங் என்று போய்விட்டார். ஏழாம் வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள். நான் மட்டும்.

முதலில் சொன்னேன், என்னைத் தாத்தா என்று கூப்பிடக் கூடாது, தோழர் என்று கூப்பிடுங்கள் என்று. "சரி தோழர் தாத்தா" என்றார்கள் கோரஸாக. விட்டுவிட்டேன்.

எப்படிப் பேசினேன் தெரியுமா தம்பி! "ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் உன்னை எவனும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளிய அனுப்ப முடியாது. பிரிவு பதினாறு. உனக்கு ஆண், பெண் தனித்தனியா கழிவறை வேணும். அது சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு, எவனும் போடுற பிச்சை இல்லை. உன்னை அடிக்கக் கூடாது. அடிக்கிறது மட்டுமில்ல, நாலு பேர் முன்னாடி உன்னைக் கூனிக் குறுக வைக்கக் கூடாது. அது மனரீதியான துன்புறுத்தல். பிரிவு பதினேழு!"

பின் வரிசையில் ஒரு பயல் சிரித்தான். எதற்கு என்று தெரியவில்லை. என் பல்லைப் பார்த்துச் சிரித்தானோ என்னவோ. "சட்டத்தை மதிக்காதவன் பெஞ்சு மேல ஏறி நில்லு" என்றேன். ஏறி நின்றான். பிரிவு பதினேழு முடிகிறவரை நின்றான். அப்போது முன் வரிசையில் ஒரு பெண், ரெட்டை ஜடை, கண்ணாடி போட்டவள், பெயர் பிரின்சி, கையைத் தூக்கிக் கேட்கிறாள், "தோழர் தாத்தா, இது பதினேழுல வராதா?" நான் சொன்னேன், "அது பாடம் நடத்துறவங்களுக்கு. நான் சட்டம் சொல்ல வந்தவன்." வாய் நீளம் அந்தப் பிள்ளைக்கு. அப்போதே கவனித்து வைத்தேன்.

அப்புறம் ஆலைக் கதையைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் நான் எங்கேயும் பேச்சை முடிப்பதில்லை. நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் எண்பது பெண்கள். கக்கூஸுக்குப் போக ஒரே ஒரு பித்தளை வில்லை. மேஸ்திரி மேசையில் கிடக்கும். அது இருந்தால்தான் போகலாம். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் மற்ற எழுபத்தொன்பது பேரும் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது வில்லை கேட்டு நாங்கள் மனு எழுதினோம். யார் முதலில் கையெழுத்துப் போடுவது? முதல் பெயர்க்காரனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். அதனால் வட்டமாகப் போட்டோம். ஒரு தட்டை வைத்து வட்டம் வரைந்து, சக்கரத்துக்கு ஆரம் மாதிரி சுற்றி எண்பது கையெழுத்து. எது முதல், எது கடைசி என்று முதலாளியின் அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளுக்குப் போர்டில் வரைந்தே காட்டினேன். வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

வில்லை கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைத்தது. இரண்டு இல்லை, நான்கு. நான் கேட் மீட்டிங்கில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை அவள் பெயரைச் சொல்லியே பேசினேன். அதற்குப் பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தப் பெண் அப்புறம் வேலைக்கு வரவில்லை. அது அவள் பலவீனம். போராட்டம் ஜெயித்தது.

ஐம்பத்தைந்து ஓடுகிறது. நேரம் இருக்கிறது.

பேச்சு முடிந்ததும் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தேன். "உங்களுக்கு நடக்கிற அநியாயத்தை எழுதிப் போடுங்க. ஆனா பேர் போடணும். பேர் இல்லாதது மொட்டைக் கடிதாசி. அது கோழை எழுதுறது." ஒரு பிள்ளை எழுந்து, "யாருக்கும் காட்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டது. மெல்லிய பிள்ளை, குரலே வெளியே வரவில்லை. "என் கைய விட்டுப் போகாது" என்றேன். போகவில்லையே! இதோ பாருங்கள், இந்தப் பையில்தான் இருக்கிறது அந்தத் துண்டு. என் கையை விட்டு எங்கே போனது? அச்சில் வந்தது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். பதினேழு துண்டு. பதினாறு குப்பை. பி.டி. பீரியடை எடுத்துக்கொள்கிறார்கள், முட்டை சின்னதாக இருக்கிறது, அவன் என் பென்சிலைத் திருடினான். பதினேழாவதுதான் அந்த மெல்லிய பிள்ளை எழுதியது. செல்வரூபி. அப்பா இல்லை, அம்மா பேச்சித்தாய் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். வாசிக்கிறேன், கேளுங்கள்.

'கணக்கு சார் அவர் வகுப்பில் பாத்ரூம் போக விட மாட்டார். போன மாதம் மூன்று தடவை கேட்டேன். உட்காரு என்றார். பெஞ்சிலேயே ஆகிவிட்டது. யாருக்கும் தெரியாது. பிரின்சி தன் தண்ணி பாட்டிலைத் தட்டிவிட்டுத் தண்ணி கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் அவளைத் திட்டினார்கள். இனிமேல் விடச் சொல்லுங்கள்.'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது தம்பி. நாற்பத்தைந்து வருடம் கழித்து அதே வில்லை! ஆலையை மூடி முள் முளைத்துவிட்டது, வில்லை பள்ளிக்கூடத்துக்குக் குடிவந்துவிட்டது!

நேராக ஜெபக்கனியிடம் போனேன். அவர் துண்டை வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார். பிறகு, "அய்யா, இத எங்கிட்ட விடுங்க. நாளைக்கே அந்த சாரக் கூப்பிட்டுக் கண்டிக்கேன். எழுதி வாங்குதேன். பிள்ளை பேரு வெளிய வர வேணாம்" என்றார். சத்தமில்லாமல்! நிர்வாகம் என்றைக்கும் கேட்பது அதைத்தானே? அறைக்குள் வாருங்கள், கதவைச் சாத்துங்கள், காபி குடியுங்கள். நான் எத்தனை காபியைத் தட்டிவிட்டு வந்தவன்! "இந்த ஊமைச் சமாதானம் எங்கிட்ட நடக்காது" என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை அச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒட்டினேன். நானேதான். இந்த வயதில், ஏணி இல்லாமல். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதா பசை. ஆடு தின்னாது, மழைக்குக் கழலாது. இப்போது பிளெக்ஸ் கட்டுகிறார்களே, அவர்களுக்குப் பசை காய்ச்சத் தெரியுமா? நாற்பத்திரண்டு நோட்டீஸ். பள்ளிச் சுவர், பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, தீப்பெட்டி ஆபீஸ் வாசல். தலைப்பு இப்படி: 'கேளுங்கள் பொதுமக்களே! மாணவி செல்வரூபிக்கு இழைக்கப்பட்ட கொடுமை!' கீழே நடந்தது முழுவதும். பெஞ்சு, பாட்டில், எல்லாம். பாதிக்கப்பட்டவர் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் எவன் நம்புவான்? கட்டுக்கதை என்பான்.

ஜெயித்தோம். எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையே வட்டாரக் கல்வி அலுவலர் ஜீப்பில் வந்தார். கணக்கு சாருக்கு மெமோ. இப்போது கேட்டால் கேட்ட நேரத்தில் பிள்ளைகளை விடுகிறார்கள். கழிவறைக்குப் புதுத் தாழ்ப்பாள்கூடப் போட்டாயிற்று. யார் செய்தது? கோர்ட்டில் வேலையாக இருந்த வக்கீலா?

ஆனால் செல்வரூபி வரவில்லை. திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. இன்றோடு பதினோரு பள்ளிக்கூட நாள்.

நான் சும்மா இருப்பேனா? வீட்டுக்குப் போனேன். பேச்சித்தாய் வாசலை மறித்து நின்றாள். "அய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எம்பிள்ளய விட்டுருங்க" என்கிறாள். நான் பிடித்து வைத்திருப்பதுபோல! "அம்மா, ஓம்பிள்ள ஒரு போராட்டத்த ஜெயிச்சுக் கொடுத்திருக்கா" என்றேன். "ஜெயிச்சாளா? ஆபீஸ் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தியா வாசிச்சுக்கிட்டுல உள்ள வாராளுக. தெருவுல பயலுக தண்ணி பாட்டிலத் தூக்கிக் காட்டுதானுக. அவ பகல்ல ஒரு மடக்குத் தண்ணி குடிக்க மாட்டேங்கா. உதடு வெடிச்சுக் கெடக்கு. பள்ளிக்கூடமும் வேணாம், சட்டமும் வேணாம். வீட்டுல இருந்து பெட்டி ஒட்டட்டும்" என்றாள்.

பெட்டி ஒட்டட்டும்! பன்னிரண்டு வயதுப் பிள்ளை! எனக்கு வந்ததே கோபம். "குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல ஒன்ன உள்ள தள்ளிருவேன். ஒன் பேரப் போட்டு இன்னொரு நோட்டீஸ் அடிப்பேன்" என்றேன். கதவைச் சாத்திவிட்டாள். கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றது. இடுக்கில் பாவாடை தெரிந்தது. "செல்வரூபி, நீ தலை நிமிர்ந்து வா, ஒன் பேரு ஊரெல்லாம் தெரியும்" என்று சத்தமாகச் சொன்னேன். பாவாடை நகர்ந்துவிட்டது.

ஊக்கம் கொடுத்தேன் தம்பி. அதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை இந்த ஊரில்.

இன்னொரு கூத்தும் கேளுங்கள். புதன்கிழமை பார்க்கிறேன், என் நோட்டீஸ் எல்லாவற்றையும் எவனோ சுரண்டியிருக்கிறான். பசை என் பசை. முழுதாகக் கிழிக்க முடியவில்லை. கவராயமோ ஸ்கேலோ வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். நாற்பத்திரண்டையும் போய்ப் பார்த்தேன். நாற்பத்திரண்டிலும் ஒரே இடம். பெயர் இருந்த இடம். 'மாணவி' இருக்கிறது, அப்புறம் சுவரின் சுண்ணாம்பு தெரிகிற ஒரு குழி, அப்புறம் 'க்கு இழைக்கப்பட்ட கொடுமை.' மற்றதைத் தொடவே இல்லை. பிரிவு பதினேழு இருக்கிறது, கீழே என் பெயர் முழுசாக இருக்கிறது. கணக்கு சார் ஆள் வைத்துச் செய்தால் அவர் பெயரைத்தானே சுரண்டியிருப்பார்? அது அப்படியே இருக்கிறது. ஆக, எதைச் சுரண்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

மறுநாள் இந்தக் கடிதம் என் வீட்டுத் திண்ணையில் கல் வைத்துக் கிடந்தது. கோடு போட்ட ஃபுல்ஸ்கேப். ஜெபக்கனி சொல்லிக் கொடுத்து எழுத வைத்த கடிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன். ஒரு பிழை இல்லை. வாசிக்கிறேன்.

'அனுப்புநர், ஏழாம் வகுப்பு மாணவ மாணவியர். பெறுநர், தோழர் சீனிராஜ் தாத்தா. பொருள், நோட்டீஸ் சார்பாக. தோழர் தாத்தா, நீங்கள் வந்த பிறகு கேட்டால் வெளியே விடுகிறார்கள். நன்றி. ஆனால் எங்கள் தோழி வருவதில்லை. எங்களில் நான்கு பேருக்கு முதலிலேயே தெரியும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பிரிவு பதினேழு டீச்சருக்கு மட்டுமா, பெரியவர்கள் எல்லோருக்குமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கோரிக்கைகள். ஒன்று, நோட்டீஸ் இனி அடிக்க வேண்டாம். இரண்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கத்திக் கேட்க வேண்டாம். மூன்று, எங்கள் பள்ளிக்கு வர வேண்டாம். இப்படிக்கு.'

பார்த்தீர்களா திமிரை? மனு எழுதச் சொல்லிக் கொடுத்தவனுக்கே மனு! அதுவும் ஒழுங்காக எழுதினார்களா? 'எங்கள் தோழி.' எந்தத் தோழி? பாதிக்கப்பட்டவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினேன். முதல் வரியில் பெயர் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஜெபக்கனி எழுத வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். இங்கே பாருங்கள், கீழே. கையெழுத்து. தட்டு வைத்து வரைந்திருக்கிறார்கள். சுற்றி முப்பத்தொன்று. எது முதல், எது கடைசி, கண்டுபிடியுங்கள் பார்ப்போம். அந்த வாயாடி பிரின்சியாகத்தான் இருக்கும், ஆனால் நிரூபிக்க முடியாது. ஜெபக்கனி அன்றைக்கு வகுப்பில் இல்லை. இந்த வட்டம் என்னிடமிருந்து மட்டும்தான் போயிருக்க முடியும். நான் சொன்னதிலேயே அவர்கள் மனதில் நின்றது இதுதான்போல. என் மீதே போட்டிருக்கிறார்கள். எண்பது பேர் போட்ட வட்டத்தைவிடச் சுத்தமான வட்டம்.

அதனால்தான் இங்கே வந்தேன். அவர்கள் மூன்று கோரிக்கை வைத்தால் நான் கலெக்டர் வரைக்கும் போவேன். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க உத்தரவிட வேண்டும், தாயை எச்சரிக்க வேண்டும், மாணவர்களைத் தூண்டிவிட்டவர்களை விசாரிக்க வேண்டும். காலையில் கவுண்ட்டரில் பதிந்துவிட்டேன். பத்திரிகைக்கு நகல் ஆறு எடுத்து வைத்திருக்கிறேன்.

அறுபத்து மூன்று கூப்பிட்டாயிற்று. அடுத்தது நான்தான்.

என்ன கேட்டீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், ஆலை இரைச்சலில் போன காது இது. அந்தப் பிள்ளையின் கையெழுத்து வட்டத்தில் இருக்கிறதா என்றா? இல்லை. அவள்தான் வரவில்லையே. முப்பத்திரண்டில் ஒன்று போனால் முப்பத்தொன்று.

என் பொருள் வரியா? பெயர் இல்லாமல் எழுதுவேனா? 'மாணவி செல்வரூபி, தாய் பேச்சித்தாய், வகுப்பறையில் சிறுநீர்...' முழுதாக எழுதியிருக்கிறேன். யார் படித்தாலும் ஒரே தடவையில் புரியும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் பட்டாவைப் பாருங்கள்.

அந்தத் தூண் பக்கம் நிற்கிற பெண்களா? தெரியுமே. எங்கள் ஊர்தான். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், போனஸ் மனுவுக்கு வந்திருப்பார்கள். பச்சைச் சேலை... அது பேச்சித்தாய்தான். அவள் எதற்கு... ஆமாம், அவளும் அந்த ஆபீஸ்தானே. பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறதே, அது... பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுவர மாட்டாள். உதட்டில் வெடிப்பு இங்கிருந்தே தெரிகிறது.

இருங்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள் தம்பி. முழங்கால் சட்டென்று எழும்ப மாட்டேன் என்கிறது. அந்த மைக்குக்காரனிடம் ஒரு வார்த்தை...

"டோக்கன் அறுபத்து நான்கு, சீனிராஜ், பொருள், மாணவி..."

ஏய்! வந்துட்டேன்யா, வந்துட்டேன்! அதப் படிக்காத! நிறுத்துய்யா, மைக்க நிறுத்து! படிக்காதங்கேன்ல!